பல்லைக் காக்கும் ஈறு
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியன் மேடையேறினால் படிப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று பல் ஈறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு முப்பத்தைந்து வயதான காலத்தில், காலையில் பல் துலக்கும்போது எச்சிலோடு குருதி வரத் தொடங்கியது. உடற்சூடு என்று எண்ணிக்கொண்டேன். குருதி கசிந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களை மட்டும் துலக்கினேன். வலி இல்லாமையால் மருத்துவரிடம் செல்லவில்லை. ஐம்பது வயதிற்குள் நான்கு பற்கள் ஆடி விழுந்தன. அவற்றுள் ஒன்றுகூடச் சொத்தைப்பல் அன்று. நல்ல பற்கள் ஏன் விழுந்தன என்பதை, வரலாறு படித்தவனாகிய நான், பல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் பின்னரே அறிந்துகொண்டேன். காலங்கடந்து நான் அறிந்ததை நீங்கள் காலத்தே அறிய வேண்டும்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹோக் என்னும் துணி வணிகர் இருந்தார். அவர் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்ணிறப் பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் அசைந்து திரிவதைக் கண்டு, 1683-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. மனித வாய்களில் ஏறத்தாழ 700 வகைப் பாக்டீரியாக்கள் இருப்பதாக இன்று கண்டறிந்துள்ளனர். ஒருவர் வாயில் அத்தனையும் இரா. இருப்பவற்றுள்ளும் பெரும்பாலானவை தீங்கற்றவை.

அவ்வாறாயின் தீங்கு எங்கிருந்து வருகிறது? அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவிலிருந்து வருகிறது. துலக்கிய பல்லின்மேல் சற்று நேரத்தில் உமிழ்நீரின் மெல்லிய படலம் படிகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் முதலியவை அதில் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. இவற்றுள் சில, ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் பொருளைச் சுரந்து பிற கிருமிகளைத் தடுக்கின்றன. வேறு சில கழிக்கும் லாக்டிக் அமிலம் வெய்லோனெல்லா என்னும் மற்றொரு வகைக்கு உணவாகிறது. நாள் செல்லச் செல்லப் படலம் தடித்து, அதன் அடியில் பிராணவாயு குறைகிறது. அப்போது ஃப்யூசோபாக்டீரியம் என்னும் நீண்ட கிருமி வந்து, முன்வந்தவற்றையும் பின்வருபவற்றையும் ஒருசேரப் பற்றிப் பாலம் போல் நிற்கிறது. அதன் துணையோடு போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற, பிராணவாயுவை வேண்டாத கொடிய வகைகள் குடியேறுகின்றன.

இக்கூட்டத்தை எதிர்க்க உடல் ஈற்றிற்குக் குருதியை மிகுதியாக அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் கசிகிறது. அந்தக் கசிவிலுள்ள புரதமும் இரும்புச்சத்தும் அக்கொடிய கிருமிகளுக்கே உணவாகின்றன. அவை பெருக, வீக்கமும் பெருகுகிறது. நாளடைவில் ஈறு பல்லை விட்டு விலகிப் பள்ளமாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் உடலின் ஓயாத எதிர்ப்பே.

2011-ஆம் ஆண்டில் ஹாஜிஷெங்காலிஸ் என்பவரும் அவர்தம் துணைவர்களும் எலிகளில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். போர்ஃபிரோமோனாஸ் மிகச் சொற்ப அளவில் புகுந்தே, வாயிலிருந்த கிருமிக் கூட்டம் முழுவதையும் மாற்றிவிட்டது, எலும்பு தேய்ந்தது. வேறு கிருமிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, அதே கிருமி குடியேறியும் எலும்பு தேயவில்லை. தனித்து நின்று அதனால் கேடு செய்ய இயலவில்லை. கூட்டத்தைக் கெடுத்தே அது கேடு செய்தது.

இனி, நம் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி. நார்வே நாட்டில் பிறந்த லோ என்னும் பேராசிரியர், 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை தொடர்ந்தார். நார்வேயின் ஒஸ்லோ நகர மாணவர்களையும் கல்வியாளர்களையும் அவ்வாறே ஆராய்ந்தார். நாற்பது வயதை நெருங்குகையில், ஒஸ்லோக்காரர்களுக்குப் பல்லின் பிடிப்பு சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கோ நாலரை மில்லிமீட்டர். ஏனெனில் தொழிலாளர்க்குப் பல் மருத்துவம் எட்டியதே இல்லை. தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்றவருள் நம் முன்னோர் எத்தனை பேர் என்பதை இச்சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மக்களின் வாயிலிருந்து உலகப் பல் மருத்துவம் ஒரு பெரும் பாடம் கற்றது. அப்பாடத்தின் பயன் நம் வீடுகளுக்கும் வந்து சேர வேண்டாமா?

அத்தொழிலாளர்களுள் நூற்றுக்குப் பதினொருவர்க்கு நோய் ஈற்று வீக்கத்தோடு நின்றது. எண்மர்க்கு மிக விரைவாய் முற்றியது. அழுக்கு எல்லாருக்கும் இருந்தது. ஆகவே அழுக்கின் அளவு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. கிருமிக் கூட்டத்தின் தன்மையும் உடலின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உடலின் இயல்பு நம் கையில் இல்லை. கூட்டத்தைக் கலைப்பது நம் கையில் உண்டு. 1965-இல் டென்மார்க்கில் அதே லோ, நல்ல ஈறுகளையுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். மூன்று வாரத்திற்குள் அனைவர்க்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஆறியது.

எனவே இளைஞர்களே, கூட்டம் முதிருமுன் அதை நாள்தோறும் கலைத்துவிடுங்கள். காலையும் இரவும் மென்மையான தூரிகையால் ஈற்றோரத்தைத் துலக்குங்கள். பல்லிடுக்கையும் தூய்மை செய்யுங்கள். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்க்கும், அவற்றைத் தவிருங்கள். குருதி கசியும் இடத்தை என்னைப் போல் விட்டுவிடாதீர்கள். அங்கேதான் கவனமாய்த் துலக்க வேண்டும். சில நாளில் நிற்காவிடில் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். கல்லாய் இறுகிய காரை துலக்கினால் போகாது. அவர்தாம் நீக்க வேண்டும். காரையை நீக்கினால் பல் ஆடும் என்பது தவறான அச்சம். பல்லை ஆட்டுவது நோயே. புகைபிடித்தல் நோயை வளர்ப்பதோடு குருதிக் கசிவையும் மறைத்துவிடும். நீரிழிவு உள்ள பெற்றோரின் ஈறுகளையும் நீங்களே பார்த்து விசாரியுங்கள்.

கரைந்த எலும்பு தானாக வளராது. என் நான்கு பற்களும் திரும்பி வாரா. உங்களுக்கோ இன்னும் காலம் இருக்கிறது. நாளைக் காலை பல் துலக்கியபின் உமிழ்ந்ததை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அதில் சிவப்பு இருந்தால் இவ்வுரையை நினைவில் கொள்ளுங்கள்.