ஊருக்கு நாலு தையல் மெஷின், ஒரே ஆர்டர்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய உரை)



வேற வேற ஊர்ல இருந்துக்கிட்டே ஒண்ணாச் சேர்ந்து வேலை செய்ய கம்பெனிகள் என்ன முறை வச்சிருக்கு, அது நம்ம தையல் குழுக்களுக்கு ஆகுமான்னு பேசச் சொன்னாங்க. நான் 2020 ஊரடங்கிலிருந்து கோபியில் வீட்டில் இருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்றேனுங்க.

இந்த முறைக்கு 'அஜைல்'னு பேரு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி இதுக்கு ஒரு சின்ன அறிக்கை எழுதினாங்க. அதுக்கு முன்னால வருஷக்கணக்கில் வேலை செஞ்சு, கடைசியில் கொண்டுபோய்க் காட்டும்போது "நான் கேட்டது இது இல்லையே"ன்னு வாங்குறவர் சொல்றது சாதாரணம். அதனால, கொஞ்சமாச் செய், காட்டு, கேட்டுத் திருத்து, மறுபடி செய். அவ்வளவுதானுங்க சாரம்.

நம்ம வேலையில் வச்சுப் பாருங்க. 2,000 மஞ்சப்பை ஆர்டர், 20 நாள் கெடு. கூகலூர், கொளப்பலூர், நம்பியூர், சிறுவலூர், கவுந்தப்பாடின்னு அஞ்சு ஊர்ல 20 பேர் தைக்கிறாங்க. ஆளுக்கு 100 பை. வழக்கமா என்ன செய்வோம்? துணியைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, 19-ம் நாள் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்ப்போம். அன்னைக்குத்தான் கைப்பிடி ரெண்டு அங்குலம் குட்டைன்னு தெரியும். 2,000 பையையும் ராத்திரியோட ராத்திரியா யாருங்க பிரிக்கிறது? முதல் மூணு நாள்ல 50 பை மட்டும் தைச்சு வாங்குறவர் கையில் கொடுத்திருந்தா, பிரிக்க வேண்டியது 50 பையோட போயிருக்கும்.

அடுத்தது பலகை. ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் தாய்ச்சி ஓனோ கொண்டுவந்த 'கான்பான்' முறையிலிருந்து வந்தது இது. சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த சரக்குக்கு மட்டும் திரும்ப அடுக்குறாங்க இல்லைங்களா, அந்த யோசனைதான். கூட்டமைப்பு ஆபீஸ் கரும்பலகையில் மூணு கட்டம் போடுங்க: தைக்க வேண்டியது, தைச்சுட்டு இருக்கிறது, சரிபார்த்து முடிஞ்சது. சாயங்காலம் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டா, யாரும் யாருக்கும் போன் பண்ணி விசாரிக்க வேண்டியதில்லை. ஒருத்தருக்கு ஒரு நேரத்தில் 25 பைக்கு மேல துணி கொடுக்காதீங்க. அது முடிஞ்சு வந்தால்தான் அடுத்த கட்டு. ஆசையில் 200 பைக்கு அள்ளிட்டுப் போயி, அது வீட்டு மூலையில் கிடக்கிற கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!

கம்பெனியில் தினமும் 15 நிமிஷம் கூடி மூணு விஷயம் சொல்வாங்க. நேத்து என்ன முடிஞ்சது, இன்னைக்கு என்ன, எது தடையா இருக்கு. இதில் மூணாவதுதான் முக்கியம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதை வருகைப்பதிவு மாதிரி ஆக்கிட்டாங்க. தடைன்னு சொன்னவங்களுக்குத் திட்டு விழுந்தது. ஒரே மாசத்தில் எல்லாரும் "தடை ஒண்ணுமில்லை"ன்னு சொல்லப் பழகிட்டோம். வேலை மட்டும் முடியலை. மெஷின் மோட்டார் போச்சுன்னோ, மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்குன்னோ ஒரு அக்கா சொன்னா, அடுத்த பேச்சு "அந்தக் கட்டை யாருக்கு மாத்தலாம்"னுதான் இருக்கோணும். "ஏன் அம்மணி முன்னாலயே சொல்லலை"ன்னு ஆரம்பிச்சா, அடுத்த தடவை அவங்க பொய்தான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, நம்மில் பலபேருக்குச் சொந்த போன் இல்லைங்க. வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தாத்தான் கைக்குக் கிடைக்கும். அதனால நேரத்தை ராத்திரி எட்டரைக்கு மேல வைங்க. எழுதத் தெரியாதவங்க குரலாப் பேசி அனுப்பட்டும். போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்து உறுப்பினர் பொறுப்பு. அந்த 17 பேரே நேருக்கு நேர் பேசுறதுதான் சிறந்ததுன்னு எழுதி வச்சாங்க. அதனால ஆர்டர் தொடங்கும்போது ஒருதரம், முடிஞ்சதும் ஒருதரம் நேரில் கூடியே ஆகோணும்.

இதெல்லாம் புதுசுன்னு மலைக்க வேண்டாங்க. 1989-ல் தருமபுரியில் தொடங்கின காலத்திலிருந்தே நம்ம குழுக்கள் தவறாமல் கூடி, கணக்கை எல்லார் முன்னாலயும் வாசிச்சு, தீர்மானம் எழுதித்தான் வந்திருக்கு. கடனுக்கும் சேமிப்புக்கும் செஞ்சதைத் தையலுக்கும் செய்யச் சொல்றேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் கம்பெனி முறையில் பதில் இல்லை. அங்கே தப்பைத் திருத்தற நாளுக்கும் மாசச் சம்பளம் உண்டு. நமக்குப் பைக்கு இவ்வளவுன்னு கூலி. அளவு தப்பா வந்த 50 பையைப் பிரிச்சுத் தைக்கிற கூலி யாருடையது? தைச்சவங்க தலையில் கட்டினா, முதல் 50 பையை எடுக்க யாருமே முன்வர மாட்டாங்க. கூட்டமைப்பு பொது நிதியில் கொடுக்கலாம்; இல்லை, ஆர்டர் பேசும்போதே மாதிரிப் பைக்குத் தனி விலை கேட்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. மத்தியானக் கூட்டத்தில் பேசி, அடுத்த ஆர்டருக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க.