குடல் நோய்க்கு ஒரு மாநிலம் கண்ட பரிகாரம்

பெருங்குடலில் உண்டாகும் புற்றுநோய், பெரும்பாலும் ஒரு சிறு சதைமுளையாக ஆரம்பித்து, பத்து வருஷ காலம் வரையில் யாதொரு வலியும் தராமல் வளர்ந்து, பின்னரே தன் சுயரூபத்தைக் காட்டுவதாகையால், அந்த அவகாசத்திற்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்து முளையை அகற்றிவிட்டால் வியாதியே வராமல் தடுத்துவிடலாம். குடலோடு அடங்கியிருக்கையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டுகளுக்கு மேலும் ஜீவித்திருக்கிறார்கள். ஈரல் முதலிய அவயவங்களுக்குப் பரவிய பின் வந்தவர்களில் 15 பேர் தேறினால் அதிகம்.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலங்களுள் ஒன்றான டெலவேரில், 2001-ஆம் ஆண்டு வாக்கில், ஐம்பது வயது கடந்தவர்களுள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டோர் கறுப்பின மக்களில் 100-க்கு 48 பேராகவும், வெள்ளையரில் அதைவிட அதிகமாகவும் இருந்தனர். இந்த நிலையை மாற்றும்பொருட்டு, காப்புறுதியில்லாத ஏழைகளின் பரிசோதனைச் செலவையும், நோய் கண்டவர்களின் சிகிச்சைச் செலவையும் மாநில அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. செலவை ஏற்றால் மட்டும் ஜனங்கள் வந்துவிடுவார்களா? பரிசோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து பேதி மருந்து குடிக்கவேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் வீடு திரும்பத் துணைக்கு ஆள் வேண்டும். ஆகவே வழிகாட்டித் தாதியரை நியமித்து, தயங்குகிறவர்களோடு பேசி, மருந்து குடிக்கும் முறையை விளக்கி, வண்டிக்கும் ஏற்பாடு செய்து அழைத்துவரும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அரசாங்கம் செலவை ஏற்றதைக் காட்டிலும் இந்தத் தாதியரே அதிகம் சாதித்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2009-இல் இரு இனத்தாரும் 100-க்கு 74 என்று சமமாயினர். கறுப்பின மக்களிடையே இந்நோயால் நேரும் மரண விகிதம் 42 சதவீதம் குறைந்து, வெள்ளையரின் விகிதத்தை ஏறக்குறைய ஒத்துவந்தது. முற்றிய நோய்க்குச் செலவாகாமல் மிஞ்சிய பணமோ, பரிசோதனைக்குச் செலவானதைவிட அதிகமாகவே இருந்தது.