முற்றத்துக் கோழியும் தடுப்பு மருந்தும்



வடமராட்சியின் வடமேற்குக் கோடியில், நீரேரி கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்துள்ள ஊர் தொண்டைமானாறு. கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்று மரபு கூறும் நீர்ப்பரப்பும், அதன் கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். சேவற்கொடியோன் உறையும் அவ்வூரிலே கடற்றொழில் செய்வோர் வீட்டிலும், தோட்டஞ் செய்வோர் வீட்டிலும் ஐந்தோ பத்தோ கோழிகள் வளவிலே மேய்ந்து திரிவது வழமை. அக்கோழிகளின் உயிர்க்காப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

பத்துக் கோழி என்பது பெரியதொரு செல்வமா என்று சிலர் நகைக்கலாம். ஆயின் அது வீட்டுத் தலைவியின் கையிலுள்ள செல்வம். பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும், காய்ச்சற்காரருக்கு முட்டை கொடுக்கவும், விருந்தினர் வந்தால் கறி சமைக்கவும் அதுவே உதவுகின்றது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், வடமாகாணத்தில் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமந்த பெண்கள் பலருக்குக் கோழிக்குஞ்சுகள் வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டன. கொள்ளை நோயொன்று வந்து ஒரே வாரத்தில் கூடு வெறுமையானால், அவ்வுதவி முழுவதும் மண்ணாகிப் போகும். ஆகவே குஞ்சு கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

அண்மைக் காலத்தில் பறவைக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டு மக்கள் அஞ்சுகின்றனர். எச்5 என்1 என்னும் அந்நோய்க் கிருமி, இந்தியாவின் கோழிகளில் முதன்முதலாக 2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரிலே கண்டறியப்பட்டது. நமது நீரேரிக் கரைகளை ஒத்த கேரள நாட்டுக் குட்டநாட்டில் 2014ஆம் ஆண்டிலே வாத்துக்கள் பெருந்தொகையாக மடிந்தன. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலும் ஆலப்புழை மாவட்டத்தின் எடத்துவா, செறுதனா ஆகிய ஊர்களில் அந்நோய் தோன்றியது. காட்டு வாத்தினங்கள் இக்கிருமியை நெடுந்தூரம் சுமந்து செல்ல வல்லவை. ஐப்பசி கார்த்திகையில் வடதிசையிலிருந்து புறப்படும் பறவைகள் வந்து தங்கும் கடைக்கோடி நம் தீவு. தொண்டைமானாற்று நீரேரியும் அவற்றுக்கு மேய்ச்சல் நிலமாதலால், நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. வியட்நாம் 2005ஆம் ஆண்டிலும், எகிப்து 2006ஆம் ஆண்டிலும் தடுப்பூசி போடத் தொடங்கின. பிரான்சு தேசம் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தன் வாத்துக்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. ஆயின் அக்கட்டாயம் 250க்கு மேற்பட்ட வாத்துக்களை வளர்க்கும் பண்ணைகளுக்கே உரியது. பத்துப் பறவை வைத்திருப்பவர் அங்கும் கணக்கிற்கு வெளியேதான் நிற்கின்றார். இலங்கையிலும் இந்தியாவிலும் கொடிய பறவைக் காய்ச்சலுக்கு எதிராக வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போடும் வழக்கம் இல்லை. தடுப்பூசி போட்ட பறவை தான் நோயுறாமலே கிருமியைப் பரப்பக்கூடும். ஆதலால், ஊசி போட்ட பின்னும் இடைவிடாது சோதனை செய்தல் வேண்டும் என்பதும், வெளிநாட்டு வாணிபம் தடைப்படும் என்பதும் அரசுகள் காட்டும் காரணங்கள். இந்தியாவிலே நோய் கண்டவிடத்தில், சுற்றிலும் ஒரு கிலோமீற்றருக்குட்பட்ட பறவைகளை அழித்து, இழப்பீடு வழங்குவதே முறையாக உள்ளது.

பறவைக் காய்ச்சலின் நிலை இதுவாக, அதனினும் பழைய கள்வன் ஒருவன் நம் வளவுகளுக்குள்ளே ஆண்டுதோறும் புகுந்து செல்கின்றான். இராணிக்கெட் என்னும் நோயே அது. 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் காணப்பட்ட இந்நோய், அடுத்து இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்றது. கோழி இறகை விரித்துத் தூங்கும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலவற்றின் கழுத்துத் திருகிக்கொள்ளும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்திலே எஞ்சுவது மிகச் சில. நோய் வந்தபின் அதைத் தீர்க்கும் மருந்து கிடையாது. ஆனால் வருமுன் காக்கும் மருந்து பல்லாண்டுகளாக உண்டு, விலையும் சொற்பம்.

அவ்வாறாயின் அது ஏன் பத்துக் கோழிக்காரரை அடைவதில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது, மருந்துக் குப்பியின் அளவு. பெரும்பாலான குப்பிகள் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு, சில வேளைகளில் ஆயிரம் கோழிகளுக்கு, போதுமான அளவில் பண்ணைகளை எண்ணியே செய்யப்படுகின்றன. கரைத்த மருந்தை இரண்டொரு மணி நேரத்துள் கொடுத்து முடித்தல் வேண்டும். எஞ்சியதை நாளைக்கு வைத்தலாகாது. இரண்டாவது, வெப்பம். வழமையான மருந்து குளிரிலேயே உயிர்வாழ்வது. யாழ்ப்பாணத்து வெயிலில் துவிச்சக்கர வண்டியின் கூடையில் வைத்துக் கொண்டுவந்தால், வீடு சேருமுன் அது வெறும் தண்ணீராகிவிடும். மூன்றாவது, எண்ணிக்கையும் தொலைவும். பத்துக் கோழிகளுக்காக மிருக வைத்தியர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குதல் இயலாத காரியம். பத்துக் கோழிகளையும் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுதல் அதனினும் அரிது.

இவ்விடர்களை வெல்லும் முயற்சியில் நம் நாட்டு அறிஞருக்கும் பங்குண்டு. வெப்பத்தைத் தாங்கும் வி4 என்னும் மருந்தைப் பதப்படுத்திய அரிசியிலே சேர்த்துக் கோழிக்கு ஊட்டிப் பார்த்த இலங்கை ஆய்வாளரின் கட்டுரை 1990ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மிருக வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பீற்றர் சிப்ராட்புரோ ஐ-2 என்னும் மற்றொரு வெப்பந்தாங்கும் மருந்தை உருவாக்கி, வறிய நாடுகள் தாமே செய்துகொள்ள வழிவகுத்தார். ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டிலே நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கிராமத்துப் பெண்களும் ஆண்களும் பயிற்சி பெற்று, கோழியின் கண்ணிலே ஒரேயொரு துளி மருந்து விடுகின்றனர். கோழிக்காரர் அதற்குச் சிறு கட்டணம் செலுத்துகின்றனர். தீவனத்தில் கலப்பதிலும் கண்ணில் விடும் துளியே உறுதியான காப்பளிக்கின்றது என்பது அனுபவத்திற் கண்ட உண்மை. தமிழ்நாட்டிலோ, பெப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பு முகாம்கள் ஊர்தோறும் இலவசமாக நடத்தப்படுகின்றன.

இவற்றிலிருந்து தொண்டைமானாறு போன்ற ஊர்கள் கொள்ளத்தக்க பாடம் யாது? ஒரு வீட்டுக்குப் பெரிதாயிருக்கும் குப்பி, ஓர் ஒழுங்கைக்கு அளவானது. பதினைந்து வீட்டுக் கோழிகளை ஒன்றாகக் கணக்கிட்டால், நூற்றைம்பது கோழியுள்ள பண்ணையொன்று கிடைத்துவிடுகின்றது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் வீட்டு வாரியாகக் கணக்கெடுத்து, மிருக வைத்தியரோடு நாள் குறித்துக்கொள்ளலாம். கோழிகள் கூட்டிலிருந்து இறங்குமுன் விடியற்காலையிலே மருந்து விடுதல் நன்று. மருந்தைப் பனிக்கட்டி இட்ட பெட்டியில் கொண்டுவருதல் வேண்டும். நிழலிலேயே கரைத்தல் வேண்டும். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தாயின், குளோரின் இட்ட கிணற்று நீர் ஆகாது. குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். நோயுற்ற கோழிக்கு மருந்து விடுதலும் பயனில்லை. புதிய குஞ்சுகள் இடையிடையே பொரித்துக்கொண்டிருக்கும் ஆதலால், ஆண்டுக்கு ஒருமுறை செய்து ஓய்ந்துவிடாமல், குறித்த கால இடைவெளியில் திரும்பவும் செய்தல் வேண்டும்.

இம்முயற்சி பறவைக் காய்ச்சலுக்கு எவ்வாறு உதவும் என்று நேயர்கள் ஐயுறலாம். இராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். சோதனைச்சாலையே அவற்றை வேறுபடுத்தும். ஆண்டுதோறும் கோழி சாகும் ஊரிலே, இவ்வாண்டும் செத்தது என்று சொல்லிப் புதைத்துவிடுவர். அல்லது சாகுமுன் அறுத்து உண்பர். புதிய நோய் வந்தால் அதுவும் பழைய நோயின் பெயரிலே மறைந்துகொள்ளும். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றவல்லது என்பதால், அம்மறைவு ஆபத்தானது. இராணிக்கெட்டுக்கு மருந்து பெற்ற ஊரிலோ, கோழிகள் கூட்டமாகச் சாவது ஒரு புதுமையாகிவிடும். அன்றே வைத்தியருக்குச் செய்தி போகும். அன்றியும், பறவைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி நாளை அனுமதிக்கப்படுமாயின், அது ஒவ்வொரு பறவையாகப் பிடித்துக் குத்தவேண்டிய ஊசியாகவே பெரும்பாலும் வரும். கணக்கெடுப்பும், பயின்ற கைகளும், நாட் குறிப்பும் முன்பே அமைந்த ஊருக்கே அது விரைவில் வந்துசேரும்.

மக்கள் செய்தி சொல்வதற்கு அரசும் உறுதியொன்று அளித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு கேரளத்திலே பறவைகளை அழித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாவும், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாவும் இழப்பீடாக அறிவிக்கப்பட்டன. தன் கோழிக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிந்த பெண் நோயை மறைக்கமாட்டாள். அறியாதவள் இரவோடிரவாகக் கோழிகளை விற்றுவிடுவாள். அவ்வாறு விற்கும் கோழியோடு நோயும் அயலூருக்குப் பயணம் போகும். சிறு குப்பி மருந்தும், வெப்பந்தாங்கும் மருந்தும், இழப்பீடு பற்றிய தெளிவான அறிவித்தலும் அரசின் பொறுப்பு. கோழிகளைக் கணக்கெடுத்து ஒன்றுகூடுதல் ஊரவரின் பொறுப்பு.

அதுவரை செய்யக்கூடியவை சில. நீரேரிக் கரையில் காட்டு வாத்துக்கள் மேயுமிடத்துக்கு வீட்டுக் கோழிகளையும் தாராக்களையும் விடாதீர்கள். செத்துக்கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடவோ, பிள்ளைகள் எடுத்து விளையாடவோ இடங்கொடாதீர்கள். சந்தையிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது வேறாக அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று கோழிகள் ஒருங்கே மடிந்தால், அறுக்காமலும் விற்காமலும் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்திலே, நம் ஒழுங்கையில் எத்தனை கோழிகள் உள்ளன என்ற ஒரு கேள்வியை எழுப்புங்கள். அதற்கு விடை ஒரு தாளில் எழுதப்பட்டால், மருந்து வருவதற்கு வழி திறந்துவிடும்.