'அண்ட்'டுக்கு அப்புறம் யாரு?

நெய்வேலியிலிருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான். இங்கிலீஷ்ல ஒரே வாக்கியத்துல ரெண்டு மூணு வினைச்சொல் வரும்போது 'ஐ', 'ஹீ', 'இட்' மாதிரி சொற்களை எங்க திருப்பிச் சொல்லணும், எங்க விட்டுடலாம்? கேட்க சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா ஒரு வேலையை யார் செஞ்சாங்க, பொறுப்பு யாரோடதுங்கறதே இதுல மாறிப்போகும்.

ஊர் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நெய்வேலி, கடலூர் மாவட்டத்துல பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி உருவான டவுன்ஷிப். நிறுவனம் 1956-ல தொடங்கினது. 2016-ல அதோட பேர் என்எல்சி இந்தியான்னு மாறுச்சு. இங்க இருக்கிறது திறந்தவெளிச் சுரங்கம். ராட்சத சக்கர எந்திரம் மண்ணை வெட்டும், கன்வேயர் பெல்ட் அதைக் கொண்டுபோகும். ராத்திரி பகலா ஷிஃப்ட் ஓடும். ஒரு ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்புறவர், அடுத்து வர்றவருக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார்னு கற்பனை பண்ணிக்குவோம்:

"ஐ ஸ்டாப்டு தி பெல்ட், கால்டு தி எலக்ட்ரீஷியன் அண்ட் ஸ்விட்ச்டு ஆஃப் தி சப்ளை."

அவர் மனசுல இருந்தது என்ன? "பெல்ட்டை நிறுத்தினேன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், சப்ளையை ஆஃப் பண்ணிட்டாரு." தமிழ்ல சந்தேகமே இல்ல. 'நிறுத்தினேன்'ல நான் இருக்கேன், 'பண்ணிட்டாரு'ல அவர் இருக்கார். ஆளு வினையோட வால்லயே ஒட்டிக்கிட்டு இருக்கிறதால 'நான்', 'அவர்'னு தனியா சொல்லத் தேவையில்ல.

'ஸ்விட்ச்டு'ங்கற இங்கிலீஷ் சொல்லுக்கு அந்த வால் கிடையாது. அதனால இங்கிலீஷ் படிக்கிறவர் முன்னாடி போய், முதல்ல சொன்ன 'ஐ'யையே எடுத்துக்குவார். சப்ளையை ஆஃப் பண்ணினது எழுதினவர்தான்னு ஆயிடும். வாக்கியத்துல இலக்கணப் பிழை எதுவும் இல்ல, எந்த டீச்சரும் சிவப்பு மை போட மாட்டாங்க. அர்த்தம்தான் வேற. பெல்ட்டை நிறுத்துறது ஒண்ணு, எலக்ட்ரீஷியன் சப்ளையையே துண்டிச்சு வைக்கிறது வேற. அடுத்து பெல்ட்டுக்குள்ள கைவிடப்போறவருக்கு, துண்டிச்சது யாருன்னு கண்டிப்பா தெரியணும். 'அண்ட் ஹீ ஸ்விட்ச்டு ஆஃப்'னு ஒரு 'ஹீ' போட்டா முடிஞ்சது.

இது சுரங்கத்துக்கு மட்டும் இல்ல. மேனேஜருக்கு மெயில் போடுறீங்க: "ஐ மெட் தி கிளையண்ட் அண்ட் அக்ரீடு டு தி பிரைஸ்." கிளையண்ட் விலைக்கு ஒத்துக்கிட்டார்னு சொல்ல நினைச்சீங்க. நீங்களே ஒத்துக்கிட்டதா எழுதிட்டீங்க!

அதனால முதல் விதி: ஆளு மாறலேன்னா ஒரு தடவை சொன்னா போதும். "ஐ வென்ட் டு தி மார்க்கெட் அண்ட் பாட் டொமேட்டோஸ்." ரெண்டாவது 'ஐ' போட்டாலும் தப்பில்ல, கொஞ்சம் கனமா இருக்கும், அவ்வளவுதான். ஆளு மாறினா கண்டிப்பா சொல்லணும்.

இந்த 'அதே ஆளு' கணக்கு நமக்குப் புதுசு இல்ல. 'போய் வாங்கினேன்'ல போனவரும் வாங்கினவரும் ஒருத்தர்தான். 'செய்து' மாதிரி எச்சம், அதே ஆளோட வினையிலதான் முடியும்னு தொல்காப்பியம் வினையியல்லயே சொல்லியிருக்கு. 'போய்', 'வாங்கி'ன்னு தமிழ்ல அடுக்குற இடத்துலதான் இங்கிலீஷ்ல 'அண்ட்' போட்டு 'ஐ'யை விட்டுடலாம்.

ரெண்டாவது விதி, 'இட்' பத்தினது. நம்ம ஆளுங்க அதிகமா தடுமாறுற இடம் இதுதான். "ரோலரைக் கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டிட்டேன்." தமிழ்ல 'ரோலரை'ன்னு ஒரு தடவை சொன்னா மூணு வினைக்கும் அது போதும். அதை அப்படியே இங்கிலீஷாக்கி, "ஐ ரிமூவ்டு தி ரோலர், கிளீன்டு அண்ட் ஃபிட்டட்"னு சொன்னா, கேக்கிறவர் "எதை?"ன்னு காத்துக்கிட்டே இருப்பார். "ஐ ரிமூவ்டு தி ரோலர், கிளீன்டு இட் அண்ட் ஃபிட்டட் இட் பேக்"னு சொல்லணும். 'ஐ' ஒரு தடவை, 'இட்' ஒவ்வொரு வினைக்கும். அடிக்கடி 'இட்' போடப் பிடிக்கலேன்னா பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்க: "ஐ கிளீன்டு அண்ட் ஃபிட்டட் தி ரோலர்." இங்க 'இட்' தேவையே இல்ல.

மூணாவது, 'பிகாஸ்', 'வென்' வந்தா இந்தச் சலுகை கிடையாது. "ஐ லெஃப்ட் எர்லி பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்." ரெண்டு இடத்துலயும் ஆளு நான்தான், ஆனாலும் ரெண்டாவது 'ஐ'யை விட முடியாது. விட்டுடற வசதி 'அண்ட்', 'பட்', 'ஆர்' மாதிரி சொற்களுக்குத்தான்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. 'ஹீ' போட்டா எல்லாம் சரியாயிடாது. "தி ஆபரேட்டர் கால்டு தி எலக்ட்ரீஷியன் அண்ட் ஹீ வென்ட் ஹோம்." வீட்டுக்குப் போனது யாரு? இந்த மாதிரி இடத்துல கூச்சப்படாம 'தி எலக்ட்ரீஷியன்'னு திருப்பி எழுதுங்க. ஒரே சொல் ரெண்டு தடவை வந்தா அழகு குறையலாம். பரவாயில்ல, அர்த்தம் குழம்பாது.

இன்னைக்கு ஒரு சின்ன வேலை. நீங்க கடைசியா அனுப்பின இங்கிலீஷ் மெயிலைத் திறங்க. ஒவ்வொரு வினைச்சொல்லையும் தொட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: யாரு? எதை? பதில் உங்க மனசுல மட்டும் இருந்து ஸ்கிரீன்ல இல்லேன்னா, அங்கதான் ஒரு 'ஹீ'யோ 'ஷீ'யோ 'இட்'டோ விட்டுப்போயிருக்கு. பண்ணிப் பாருங்க, அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.