கரினா மருயாமா: மாற்று ஆட்டக்காரராய்க் களம் புகுந்தவர்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விளையாட்டுத் துறையில் புகழ் ஈட்டிய ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஜப்பான் நாட்டு மகளிர் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தவுடன், எவர் மனத்திலும் முதலில் எழக்கூடிய பெயர் ஹோமரே சாவா என்பதேயாகும். 2011ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவி அவர்; அவ்வாண்டின் உலகச் சிறந்த வீராங்கனை என்னும் விருதையும் பெற்றவர். அவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அதே அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அமர்ந்திருந்த கரினா மருயாமா என்னும் முன்னணி ஆட்டக்காரரைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகின்றேன். அதற்குரிய காரணம் போகப் போக விளங்கும்.

கரினா மருயாமா 1983ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்தில் ஜப்பானில் பெண்கள் கால்பந்து ஆடுவது அரும்பு நிலையிலேயே இருந்தது. நாடு தழுவிய மகளிர் போட்டி 1979இல்தான் தொடங்கப் பெற்றது. தேசிய அணி முதன்முதலாக அயல்நாட்டு அணியை எதிர்கொண்டது 1981இல். மகளிர்க்கெனத் தனி லீக் போட்டி 1989இல் ஏற்பட்டது.

அந்த லீக் எவ்வாறு நடந்தது என்பதனை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மருயாமாவின் வாழ்க்கையே அதில்தான் அடங்கியிருக்கின்றது. நம் நாட்டில் இரயில்வே துறையும் காவல் துறையும் விளையாட்டில் வல்லவர்க்கு வேலை கொடுத்து அணி நடத்துகின்றன அல்லவா? அதனைப் போன்றே அங்குப் பெருநிறுவனங்கள் அணிகளை நடத்தின. ஆட்டக்காரப் பெண் நிறுவனத்தின் ஊழியராவார். ஊதியம் வேலைக்கு, ஆட்டம் வேலை முடிந்த பின்னர். இம்முறையில் ஒரு நன்மை உண்டு. பயிற்சி செய்பவளுக்கு அடுத்த வேளைச் சோறு பற்றிய கவலை இல்லை. ஒரு கேடும் உண்டு. நிறுவனத்தின் கணக்கேட்டில் நட்டம் எழுதப்படும் நாளில் முதலில் அடிபடுவது அந்த அணியே. 1990களில் ஜப்பானின் பொருளாதாரம் தளர்ந்தபோது அதுவே நிகழ்ந்தது. நிக்கோ என்னும் பங்கு வணிக நிறுவனத்தின் மகளிர் அணி 1996, 1997, 1998 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து லீக் பட்டம் வென்றது. மூன்றாம் பட்டத்தோடு அணியையே கலைத்துவிட்டார்கள்! வெற்றி பெற்றால் மட்டும் போதாது என்பதனை அந்தப் பெண்கள் அன்று உணர்ந்திருப்பார்கள். போதாக்குறைக்கு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்குத் தேசிய அணி தகுதி பெறவும் இல்லை.

இத்தகைய வறட்சிக் காலத்தில்தான் மருயாமா தேசிய அணிக்கு வந்தார். 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் கடைசி வாய்ப்பாக மெக்சிகோவுடன் இரண்டு ஆட்டங்கள். மெக்சிகோ நகரில் நடந்த முதல் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமனாக முடிந்தது. சூலைத் திங்கள் 12ஆம் நாள் டோக்கியோ தேசிய அரங்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஜப்பான் இரண்டு கோல் போட்டு வென்றது. ஒன்றைப் போட்டவர் சாவா. மற்றொன்றைப் போட்டவர், அப்போது விளையாட்டுக் கல்விப் பல்கலைக்கழக மாணவியாயிருந்த இருபது வயது மருயாமா. மறு ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக் அணியிலும் அவர் இடம் பெற்றார்.

அந்த 2004ஆம் ஆண்டில்தான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, தேசிய மகளிர் அணிக்கு 'நாதெஷிக்கோ' என்று பெயரிட்டனர். நாதெஷிக்கோ என்பது மென்மையானதொரு மலரின் பெயர். அடக்கமும் பொறுமையும் வாய்ந்த இலட்சியப் பெண்ணை அம்மலரால் குறிப்பது ஜப்பானிய மரபு. பந்தை உதைத்து ஓடும் பெண்களுக்கு அடக்கத்தின் பெயரா என்று எனக்குச் சிரிப்புத்தான் வருகின்றது. அப்பெண்களோ பெயரை மறுக்காமல் ஏற்று, அச்சொல்லின் பொருளையே மாற்றிவிட்டார்கள்.

பட்டப்படிப்பு முடிந்ததும், 2005இல், மருயாமா டோக்கியோ மின்சார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நிறுவனம் 'மரீசே' என்னும் மகளிர் அணியை நடத்தி வந்தது. வேலை டோக்கியோவில் அன்று. வடக்கே, கடலோரத்துப் புக்குஷிமா மாவட்டத்தில். தலைநகரில் பிறந்த பெண் அங்கே புக்குஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் அலுவலகப் பணி செய்தார். பணி முடிந்தபின் பந்தாடினார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். அந்த அணுமின் நிலையம் நின்றது புக்குஷிமாவின் மண்ணில். அதன் மின்சாரமோ டோக்கியோவுக்கும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களுக்கும் சென்றது. புக்குஷிமாவின் வீடுகளில் விளக்கெரிந்தது வேறொரு நிறுவனத்தின் மின்சாரத்தால். ஒளி ஓரிடத்திற்கு, அபாயம் ஓரிடத்திற்கு என்று பங்கீடு செய்யப்பட்டிருந்தது. அம்மாவட்டத்திற்கு ஈடு செய்வதுபோல் வேலைகளும் கட்டடங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று 'ஜே வில்லேஜ்' என்னும் கால்பந்துப் பயிற்சி மையம். நிலையத்திற்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் மின் நிறுவனமே கட்டி மாவட்டத்திற்கு அளித்தது, 1997இல் திறக்கப்பட்டது. பச்சைப் பசேலென்ற ஆடுகளங்கள் பல. மரீசே அணியின் இல்லமும் அதுவே. மருயாமாவின் சோறும் களமும் ஒரே கையிலிருந்து வந்தன.

அவர் 2009இல் அவ்வேலையை விட்டார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகர அணியில் சிறிது காலம் ஆடினார். பிறகு தாயகம் திரும்பிச் சிபா நகர அணியில் சேர்ந்தார். இதனை விரிக்க வேண்டுவதில்லை.

2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், பிற்பகல் 2 மணி 46 நிமிடம். ஒன்பது அளவிலான நிலநடுக்கம் வடகிழக்கு ஜப்பானை உலுக்கியது. அதனைத் தொடர்ந்து கடல் எழுந்தது. சுனாமி என்பது ஜப்பானியச் சொல். 2004 டிசம்பர் 26க்குப் பின் அச்சொல்லுக்குப் பொருள் கேட்கும் தமிழர் இலர். ஆகவே அந்தக் காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை. ஏறத்தாழ 15,900 பேர் மாண்டனர். 2,500 பேருக்கு மேல் காணாமற் போயினர். தாயிச்சி நிலையத்தின் தடுப்பைத் தாண்டி அலை புகுந்தது. குளிர்விக்கும் மின்சாரம் அறுந்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 20 கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

ஜே வில்லேஜின் கதி என்ன? விபத்தைக் கட்டுப்படுத்தச் செல்லும் தொழிலாளர்கள் பாதுகாப்பு உடை அணியும் தளமாக அது மாறியது. புல்தரையில் சரளைக்கல் கொட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. மரீசே அணி ஆட்டத்தை நிறுத்தியது, திரும்ப எழவேயில்லை. மறு ஆண்டு அதன் ஆட்டக்காரர்களைச் செண்டாய் நகரத்து அணி ஏற்றுக்கொண்டது. அந்த அணியிலிருந்த ஆயா சமேஷிமா என்னும் தடுப்பாட்டக்காரர், களமிழந்து அமெரிக்காவின் பாஸ்டன் அணிக்குச் சென்று ஆடினார்.

நிலநடுக்கம் நேர்ந்த நான்காம் மாதத்தில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. ஜப்பான் அணியில் மருயாமாவும் சமேஷிமாவும் இடம் பெற்றிருந்தனர். பயிற்சியாளர் நோரியோ சசாக்கியும் ஒரு காலத்தில் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே ஆடியவர்தாம். முதலில் நியூசிலாந்தை வென்றனர், மெக்சிகோவை நான்கு கோல் வேறுபாட்டில் வென்றனர், இங்கிலாந்திடம் தோற்றனர். அந்தத் தோல்வியால் பிரிவில் இரண்டாமிடம் பெற்று, காலிறுதியிலேயே ஜெர்மனியைச் சந்திக்க நேர்ந்தது. ஜெர்மனி 2003, 2007 ஆகிய இரு கோப்பைகளையும் வென்ற நாடு. போட்டியை நடத்திய நாடும் அதுவே. 1999க்குப் பிறகு உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில்கூட அவர்கள் தோற்றதில்லை. அவர்களுடைய கோல் காவலர் நடீன் ஆங்கரர் 2007 உலகக் கோப்பை முழுவதிலும் ஒரு கோல்கூட விடாதவர்.

சூலைத் திங்கள் 9ஆம் நாள், வுல்ஃப்ஸ்பர்க் நகரம். ஆட்டத்திற்கு முன் சசாக்கி பேரழிவின் படங்களைத் தம் அணியினருக்குக் காட்டினார் என்பது பலராலும் எழுதப்பட்ட செய்தி. அதனால்தான் வென்றார்கள் என்று சிலர் கூறுவர். நான் அவ்வளவு எளிதாக ஒப்பமாட்டேன். கண்ணீர் மட்டும் கோல் போடுவதாயிருந்தால், துயருற்ற நாடுகளெல்லாம் கோப்பை வென்றிருக்க வேண்டுமே! ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் புலப்படும். உயரத்திலும் உடல் வலிமையிலும் மிகுந்த ஜெர்மானியர் இடைவிடாது தாக்கினார்கள். ஜப்பானியர் குறுகிய தூரத்துக்குள் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி அவர்களை ஓடவைத்தார்கள். முதல் பாதி முடிந்ததும் யூக்கி நாகசாத்தோவுக்குப் பதிலாக மருயாமா களமிறக்கப்பட்டார். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கியது.

108ஆம் நிமிடம். நடுக்களத்திலிருந்து சாவா, ஜெர்மானியத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்தைத் தூக்கி அனுப்பினார். வலப்புறம் மருயாமா பாய்ந்து ஓடினார். பந்து அவரைக் கோலின் ஓரத்திற்கே இழுத்துச் சென்றது; கோலோ மிகவும் ஒடுங்கிய கோணத்தில் தெரிந்தது. துரத்தி வந்தவர் காலை நீட்டினார். ஆங்கரர் முன்னே வந்தார். மருயாமா பந்தை நடுவே திருப்பித் தராமல், குறுக்காகத் தரையோடு அடித்தார். பந்து தூரத்துக் கம்பத்தின் பக்கமாக வலையில் சென்று தங்கியது. 26,000 பேர் கூடியிருந்த அரங்கம் அடங்கிப் போயிற்று. ஒன்றுக்குச் சுழியம். அதுவரை ஜெர்மனியை ஒருமுறையேனும் வென்றறியாத ஜப்பான் அன்று வென்றது. புக்குஷிமா நிலையத்து முன்னாள் ஊழியரின் காலால் வந்தது அந்த வெற்றி.

அந்தப் போட்டித் தொடரில் மருயாமா போட்டது அந்த ஒரு கோல்தான். அரையிறுதியில் சுவீடனை மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். சூலை 17ஆம் நாள் பிராங்பர்ட்டில் இறுதி ஆட்டம். மருயாமா பிற்பாதியில் மீண்டும் மாற்றாக இறங்கினார். அமெரிக்கா இருமுறை முன்னேற, ஜப்பான் இருமுறை சமன் செய்து, தண்ட உதைகளில் மூன்றுக்கு ஒன்று என்று கோப்பையைக் கைப்பற்றியது. மூத்தோர் உலகக் கோப்பையை வென்ற முதல் ஆசிய நாடு ஜப்பானே. ஆண்கள் பிரிவில் இன்றுவரை எந்த ஆசிய நாடும் அதனை எட்டவில்லை.

அரசு அவ்வணிக்கு மக்கள் மதிப்பு விருது வழங்கியது. தனி மனிதர்க்கே வழங்கி வந்த அவ்விருதை ஒரு குழு பெற்றது அதுவே முதன்முறை. இத்தனைக்கும் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்காக ஐரோப்பாவுக்குச் சென்றபோது, ஆடவர் அணிக்கு விமானத்தின் உயர் வகுப்பு இருக்கை. உலகக் கோப்பையை வென்ற மகளிர்க்குச் சாதாரண வகுப்பு இருக்கை! ஆடவர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மையில் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று சாவா வெளிப்படையாகவே கூறினார். வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியபோது அவர்களுக்கும் உயர் வகுப்பு கிடைத்தது. அந்த வெள்ளிப் பதக்க அணியில் மருயாமாவும் உண்டு. கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பெண்களுக்கென முழுமையான தொழில்முறை லீக் அங்கே 2021இல்தான் வந்தது. மருயாமாவுக்கு அது பயன்படவில்லை. ஓசாகா அருகே தகாத்சுக்கி அணியில் ஆடி, 2016இலேயே அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஓய்வுக்குப் பின் அவர் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் தோன்றிப் பெயர் பெற்றார். உலகக் கோப்பை வீராங்கனைக்கு இது தகுமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். ஆட்டக்காலத்தில் பெருஞ்செல்வம் சேர்க்க வழியில்லாத ஒருவர், தம் வாய்த்திறமையால் நேர்மையாகப் பிழைப்பதில் என்ன இழிவு இருக்கின்றது? ஆட்டக்காரரை மேடையில் ஏற்றி மாலை போடும் சமுதாயம், மாலை வாடிய பிறகு அவர் எப்படி உண்பார் என்று கேட்பதில்லை. நம் சங்கத்தின் இளைஞர்கள் விளையாட்டுப் பிரிவு தொடங்க எண்ணியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பந்து வாங்குவது எளிது. ஆடுகின்ற பெண்ணுக்குப் படிப்பும் வேலையும் வாங்கித் தருவதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள் என்று தலைமையாசிரியன் என்ற முறையில் கேட்டுக்கொள்கின்றேன்.

ஜே வில்லேஜில் சரளையை அகற்றிப் புல் விதைத்தார்கள். 2018இல் ஒரு பகுதியும், 2019 ஏப்ரலில் முழுமையும் திறக்கப்பட்டது. 2021 மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக் தீப்பந்த ஓட்டம் அங்கிருந்தே புறப்பட்டது. தீப்பந்தத்தை முதலில் ஏந்தி ஓடியவர்கள் 2011 அணியின் ஆட்டக்காரர்கள். நோய்த்தொற்றுக் காலமாதலால் தொடக்க விழாவில் பொதுமக்களுக்கு இடமில்லை. வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவில், மருயாமா பணியாற்றிய நிலையத்தில், உருகிய எரிபொருளை அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.