தண்ணீருக்கடியில் வெள்ளை எது?



நான் செஞ்சிப் பக்கம் வல்லத்துக்காரன். கிணற்றில் நீச்சல் பழகியவன். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்தபோது, ஆய்வுக் குழு ஒன்றோடு சின்ன கேமராவுடன் இறங்கினேன். நூற்றுக்கும் மேல் படங்கள். கரைக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலப்பச்சை! "வெளுத்தது எது, வெளுக்காதது எது, நீயே சொல்லுப்பா" என்றார் குழுத் தலைவர். வாயடைத்து நின்றேன். கடல் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும்; நோய் நிறத்தில்தான் தெரியும். அந்த நிறத்தையே தொலைத்திருந்தேன்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போயிடும். கேமராவின் 'ஆட்டோ' அங்கே திணறும். ஆகவே 'கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்' வைத்து, படமெடுக்கும் ஆழத்திலேயே ஒரு வெள்ளைப் பலகையைப் பிடித்து, வெயில் நம் முதுகுப்பக்கம் இருக்க, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குக் காட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி காட்டணும். சோம்பல்பட்டால் போச்சு. ஃபிளாஷ் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கிட்டே இருப்பது செக்கச்செவேலென்று விழும். ரொம்ப ஆழத்தில் பலகையும் உதவாது, விளக்குதான் வேணும். நல்ல வேளை, நம் மன்னார் பாறைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை.

அடுத்த முறை படத்தின் ஓரத்திலும் பலகையை வைத்தே எடுத்தேன். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. படங்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

பலகை என்றால் பெரிசா ஒண்ணுமில்லை. ஐஸ்கிரீம் டப்பா மூடியை அறுத்து, பளபளப்புப் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. பையில் கொண்டுவந்திருக்கிறேன். மாணவர்கள் வந்து பார்க்கலாம்.