அந்தமான் பெருஞ்சாலை

தீவுகளுக்கு நெடுஞ்சாலை எதற்கு, கப்பல் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். கப்பல் மட்டுமே இருந்த காலமும் உண்டு. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்களும், தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும், ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் ஆகிய இடங்களிலிருந்து தலைநகருக்கு வரக் கப்பலையே எதிர்பார்த்திருந்தனர். கடல் கொந்தளித்தால் நோயாளியும் காத்திருக்க வேண்டியதே.

இக்குறையைப் போக்கவே அந்தமான் பெருஞ்சாலை பிறந்தது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரையும் வடகோடியிலுள்ள திக்லிப்பூரையும் இணைக்கும் இது, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. இன்று 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தென் அந்தமானில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் நீரிணையில் வாகனத்தோடு பெர்ரியில் ஏறிப் பாரடாங் தீவை அடைகிறோம். அடுத்தது ஹம்ப்ரி நீரிணை. பிறகு கடம்தலா, ரங்கத், மாயாபந்தர்ப் பகுதி. ஆஸ்டின் நீரிணைப் பாலம் நம்மை வட அந்தமானில் சேர்க்கிறது. 2004 டிசம்பர் நிலநடுக்கம் அப்பாலத்தையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால், ஜிர்காடாங்கிற்கு அப்பாலுள்ள காடு ஆளற்ற காடன்று. ஜாரவா மக்களுக்கென 1957-இல் ஒதுக்கப்பட்ட வனம் அது. 'ஜாரவா' என்பது அண்டைக் குலத்தார் இட்ட பெயர். அந்நியர் என்று பொருள்படும். அவர்கள் தம்மை 'அங்' என்கின்றனர். மனிதர் என்பதே அதன் பொருள். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே என் தொழில்; எந்தக் காகிதத்திலும் முதற் பெயரையே எழுத நேர்கிறது.

1970-களில் சாலை வேலை அக்காட்டினுள் புகுந்தபோது அம்புகள் பாய்ந்தன. தொழிலாளருக்குப் போலீசார் காவல் நின்றனர். காட்டைக் காத்தவர் அம்பெய்ததில் வியப்பென்ன? கூலிக்கு வந்தவன் அம்பு பட்டதும் துயரமே. 1997-க்குப் பின் ஜாரவர் பகையின்றி வெளிவரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. 2001 கணக்கெடுப்பின்படி அவர்கள் 240 பேர்; 2011-இல் 380 பேர். ஒரு சிற்றூரின் ஒரு தெருவுக்குப் போதாத தொகை!

வனத்தினுள் செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. வாகனங்கள் காவலுடன் அணியாகச் செல்கின்றன. வழியில் நிற்பதும் படம் எடுப்பதும் குற்றம். எனினும், உணவைக் காட்டி ஜாரவப் பெண்களை ஆடச்செய்யும் காட்சி 2012-இல் வெளியாகி நாட்டைத் தலைகுனியச் செய்தது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு நீதிமன்றம் விதித்த தடை, மார்ச்சிலேயே விலக்கப்பட்டது.

பாரடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் காண விரும்புவோர் கடல்வழியே செல்லலாம். அவர்கள் இழப்பது சிறிது நேரமே. ரங்கத்துக் குடியானவனின் நிலை அதுவன்று. அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்குமுன், மழைக்காலத்திலும் தவறாமல் ஓடும் கப்பலை அவனுக்குக் காட்டியாக வேண்டும்.